புகையிலைக்குக் கொட்டகை, சாமைக்கு உலக்கை

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. குதிரைமீது அமர்ந்த சிலை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியவன், கேட்டவருக்கு வாரிக் கொடுத்தவன் என்று சங்கப் புலவர்கள் அவனைப் பாடினார்கள். அந்தப் பாடல்கள்வழியே கொல்லிமலை தமிழ் வரலாற்றில் இடம்பிடித்தது.

அதே மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவற்றை உண்டு வாழ்ந்தார்கள். (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.) வில்லைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு அந்தச் சாமை சோறானது எப்படி என்பது தெரியாது. அறுத்த கதிரைக் காயவைத்தது யார், உமியை நீக்கியது யார், அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது, அந்த வேலையை எளிதாக்க ஒரு கருவி வர ஏன் இத்தனை காலம் பிடித்தது? இந்தக் கேள்விகளுக்கு நம் பாடப் புத்தகங்களில் இடமில்லை.

உலக்கைக்கும் ஒரு சிலை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பயிருக்குக் கருவி கிடைத்தது, எந்தப் பயிருக்குக் கிடைக்கவில்லை என்பதை வரலாறாகப் படிக்க வேண்டும் என்கிறேன். அப்படிப் படிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க மிகவும் உதவும் பயிர் புகையிலை. இரண்டையும் அறுத்தபடியே பயன்படுத்த முடியாது. இரண்டையும் உலர்த்திப் பக்குவம் பார்த்தாக வேண்டும். இரண்டிலும் பெண்களின் கைகள் உண்டு. ஆனால் ஒன்றுக்கு அறிவியலும் சட்டமும் மூலதனமும் ஓடிவந்தன. மற்றதற்கு உரலும் உலக்கையும் போதும் என்று உலகம் இருந்துவிட்டது.

அறுவடைக்குப் பிறகு

சாமை மிகச் சிறிய தானியம். ஒரு மணி இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதன்மேல் உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். கேழ்வரகுக்கு இந்தச் சிக்கல் இல்லை. காயவைத்துத் திருகையில் அரைத்தால் மாவாகிவிடும். சாமை, தினை, வரகு ஆகியவற்றை அப்படி உண்ண முடியாது. உமியை நீக்கினால்தான் அரிசி.

அதற்கு முன்னால் காயவைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் எவ்வளவு குத்தினாலும் உமி பிரியாது. அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசி நொய்யாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெண்களிடம் இருந்த கருவிகள் பல்லும் காதும் உள்ளங்கையும்தான். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ஒரு கை அள்ளி முறத்தில் போட்டுச் சத்தத்தைக் கேட்பார்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும், மழையும் மூடுபனியும் சொல்லாமல் வரும் ஒரு மலையில் இந்தப் பதத்தைப் பிடிப்பது எளிதல்ல. வெயில் வந்தால் பரப்ப வேண்டும், மேகம் திரண்டால் அள்ள வேண்டும், கோழியையும் ஆட்டையும் விரட்ட வேண்டும். இடையில் குழந்தையையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதில் பரப்புவது? சாணம் மெழுகிய களம் வீட்டருகே இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் பாறையில், பாயில், சாக்கில், கிழிந்த சேலையில். எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய உலர்த்தும் கருவி எது என்று யாராவது கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் பழைய சேலையைத்தான் காட்டுவார்கள். நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினால் மொத்தத் தானியமும் நொடியில் வீட்டுக்குள் வந்துவிடும்.

பிறகு குத்துவது, புடைப்பது, மறுபடி குத்துவது, மறுபடி புடைப்பது. இதை ஒரே நாளில் ஆண்டு முழுவதற்கும் செய்து முடித்துவிட முடியாது என்பதுதான் முக்கியம். உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்குச் சேமித்து வைக்கும் தானியமாக அது இருந்ததற்குக் காரணமே அதுதான். உமியை நீக்கிவிட்டால் தவிட்டிலுள்ள கொழுப்பு காற்றுப் பட்டுச் சில காலத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே அன்றன்றைக்கோ வாரத்துக்கோ தேவையானதை மட்டும் குத்தினார்கள். தானியத்தைக் கெடாமல் காத்த அதே உமிதான் பெண்களின் வேலையை ஒருநாளும் முடியாத வேலையாக்கியது.

இலக்கியம் இந்த வேலையைப் பார்க்காமல் இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைக் கொத்தவரும் கோழிமீது ஒரு பெண் தன் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறாள். காதணியையே கல்லாக எறியும் அளவுக்குச் செல்வம் கொழித்த ஊர் என்பதைக் காட்டும் இடமாகவே இதை வகுப்பறையில் விளக்குவார்கள். நாம் இன்னொன்றையும் பார்க்கலாம். காதணி பொன்னானாலும் காயும் உணவுக்குக் காவல் இருந்தவள் பெண்தான். செல்வம் அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்துவிடவில்லை.

இலையைப் பாடம் செய்தவர்கள்

இனிப் புகையிலைக்கு வருவோம். போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த இந்தச் செடியின் பச்சை இலையால் யாருக்கும் பயனில்லை. அதை உலர்த்தி, நிறமும் மணமும் காரமும் வரும்படி பக்குவப்படுத்துவதைத் தமிழில் ‘பாடம் செய்வது’ என்பார்கள். ஊருக்கு ஊர் முறை மாறும். தமிழ்நாட்டின் மெல்லும் புகையிலையை வெயிலில் காயவைப்பது, புகையூட்டுவது, குழியிலிட்டுப் பதப்படுத்துவது என்று பல வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் குடில்களில் இலையைத் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சை எரித்துப் புகை போட்டார்கள். அப்படிப் பாடம் செய்த இலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. அந்த வணிகத்துக்காக 1934இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்டது.

சிகரெட்டுக்கான வெளிர்மஞ்சள் இலைக்கு வேறு முறை. புகை படக்கூடாது, சூடு மட்டும் வேண்டும். இதன் தொடக்கம் 1839இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது என்பார்கள். அபிஷா ஸ்லேட் என்பவருடைய பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்ற இளைஞர், அணையப்போன நெருப்பைக் காப்பாற்ற மரக்கரியை அள்ளிப் போட்டார். அந்தச் சூட்டில் இலை பொன்மஞ்சளாக மாறியது. அந்த இலையால் பணம் சேர்த்தவர்கள் பண்ணை முதலாளிகள். கண்டுபிடித்தவரோ அப்போது இன்னொருவரின் உடைமை.

பின்னர் நெருப்பைக் கொட்டகைக்கு வெளியே வைத்து, உள்ளே இரும்புக் குழாய்கள் வழியாகச் சூட்டை மட்டும் அனுப்பும் முறை வந்தது. இந்தியாவில் இந்த முறை வேரூன்றியது குண்டூர்ப் பகுதியில். சிகரெட் கம்பெனியின் கிளை நிறுவனமான இந்தியன் லீஃப் டொபாக்கோ டெவலப்மென்ட் கம்பெனி 1912இல் தொடங்கியது. 1920களில் வர்ஜீனியா புகையிலையும் சூட்டுக் கொட்டகைகளும் அங்கே பரவின. கொட்டகைக்குள் முதலில் மிதமான சூட்டில் இலையை மஞ்சளாக்கி, பிறகு சூட்டைக் கூட்டி இலையை உலர்த்தி, கடைசியில் 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுபோய் நடுநரம்பைக் காயவைப்பார்கள். மொத்தம் ஐந்தாறு நாள்.

கொட்டகைக்கு வெப்பமானி வந்தது. ஆனால் இலை அதற்குள் போவதற்கு முன்னாலும் வெளியே வந்த பின்னாலும் இருந்த வேலை பெண்களுடையது. பறித்த இலைகளைக் கொத்துக்கொத்தாக எடுத்துக் குச்சியில் நூலால் கட்டினார்கள். காய்ந்து வந்த இலையை நிறம் பார்த்து, தடவிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஈர இலையைக் கையாளும்போது நிகோடின் தோல் வழியாக உடம்புக்குள் போகும். வாந்தியும் தலைசுற்றலும் வரும். மருத்துவ இதழ்கள் இதை ஒரு தொழில்நோயாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1970இல்தான். இலை பறித்தவர்களின், கட்டியவர்களின் உடம்புக்கு அது அதற்கும் பல தலைமுறைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

1950களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் புதிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். இலையைக் குச்சியில் கட்ட வேண்டாம். இரும்பு முள் வைத்த சட்டங்களில் மொத்தமாக அடுக்கிவிட்டு, விசிறியால் சூடான காற்றை ஊடே செலுத்தினால் போதும். 1960 முதல் இது விற்பனைக்கு வந்தது. பழைய மரக்கொட்டகை கட்டிய இடத்திலேயே நிற்கும். புதியதைத் தொழிற்சாலையில் தகரத்தால் செய்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, வேண்டிய இடத்தில் இறக்கிவைக்கலாம். விற்கலாம், வேறிடத்துக்கு மாற்றலாம். புகையிலையை உலர்த்தும் கருவிக்குக் கால் முளைத்தது இப்படித்தான்.

அடுத்த 20 ஆண்டுகளில் அங்கே இலையை எடுத்துக் கொடுப்பது, குச்சியில் கட்டுவது என்ற வேலைகள் ஏறத்தாழ மறைந்தன. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். அவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம். கூலி குறைவான, உடம்பை வாட்டும் வேலைதான். ஆனாலும் அந்தப் பருவத்துக் கூலி அவர்கள் கைக்கு வந்த பணம். கருவி வந்தபோது வேலையின் வலியும் போனது, கூலியும் போனது. கருவியின் உரிமையோ சேமித்த பணமோ அவர்களிடம் வரவில்லை.

சட்டம் கண்ட வேலை, காணாத வேலை

புகையிலைக்கு மட்டும் இத்தனை கவனம் ஏன்? உலர்ந்த இலை பணம் என்பதால். கம்பெனிக்கு லாபம், அரசுக்கு வரி. பிரிட்டிஷ் இந்திய அரசு 1943இல் புகையிலைக்குக் கலால் வரி விதித்தது. அடுத்த ஆண்டு வந்த 1944ஆம் ஆண்டு மத்தியக் கலால் மற்றும் உப்புச் சட்டம் ‘பாடம் செய்தல்’ என்பதற்கு விளக்கமே எழுதியது. வாடவைப்பது, உலர்த்துவது, புளிக்கவைப்பது, விற்பனைக்கோ உற்பத்திக்கோ ஏற்றதாக ஆக்கும் எந்தச் செயலும் அதில் அடங்கும் என்றது. ஓர் இலையை வெயிலில் வாடவைப்பதைக்கூட சட்டம் ஒரு பொருளாதாரச் செயலாகக் கண்டுகொண்டது. விடுதலையை ஒட்டி ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனமும் திண்டுக்கல் அருகே வேடசந்தூரில் அதன் நிலையமும் தொடங்கின. 1976இல் குண்டூரில் புகையிலை வாரியம் அமைந்தது.

இப்போது இன்னொரு பட்டியலைப் பாருங்கள். நாட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் தேசிய மாதிரி ஆய்வில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள் 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவர்கள் 93. சொந்த விளைச்சல் நெல்லை வீட்டுக்குக் குத்துகிறீர்களா, தானியம் அரைக்கிறீர்களா என்று இவர்களிடம் தனியாகக் கேள்விகூடக் கேட்டார்கள். ஆம் என்று சொன்னாலும் இரண்டு குறியீட்டுப் பெண்களும் உழைக்கும் சக்திக்கு வெளியேதான் வைக்கப்பட்டார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் நிலைமை விளங்கும். ஒருவர் புகையிலையை உலர்த்தினால் அது சட்டப் புத்தகத்தில் பொருளாதாரச் செயல். ஒரு பெண் சாமையை உலர்த்தி, குத்தி, புடைத்துச் சோறாக்கினால் அவள் ‘வேலை செய்யாதவள்’. வெயில் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. ஒன்றில் வரி கிடைத்தது, மற்றதில் குடும்பத்தின் பசி ஆறியது. கணக்கில் வராத வேலையை எளிதாக்க எந்த ஆய்வுக்கூடமும் அவசரப்படவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கைக்குத்தலைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடியவர்களும் இருந்தார்கள். 1934 டிசம்பரில் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம், ஜே.சி. குமரப்பாவின் பொறுப்பில், ஆலை அரிசிக்கு எதிராகக் கைக்குத்தல் அரிசியை முன்வைத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1958ஆம் ஆண்டின் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டமும் கைக்குத்தலைக் கருத்தில் கொண்டே புதிய ஆலைகளுக்கு அனுமதி முறையை வைத்தது. அவர்களின் கவலை பொய்யல்ல. வங்காளத்தில் நெல் குத்திக் கூலி பெற்ற பெண்கள் ஆலைகளால் பிழைப்பை இழந்ததை முகுல் முகர்ஜி 1980களில் விரிவாக எழுதினார். அவர்களில் கைம்பெண்களும் நிலமற்றவர்களும் நிறையப் பேர்.

ஆகவே ‘இயந்திரம் நல்லதா கெட்டதா’ என்ற கேள்வி போதாது. கூலிக்குக் குத்தியவளுக்கு இயந்திரம் வேலையைப் பறித்தது. கூலியின்றி வீட்டுக்குக் குத்தியவளுக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொல்லிமலையில் சாமை குத்திய பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவர்களுக்கு அந்த இயந்திரம் வரவே இல்லை என்பதுதான் குறை.

உலக்கையைக் கீழே வைத்தவர்கள்

நெல் ஆலை சமவெளி ஊர்களில் பெருகியபோது சாமைக்கு ஆலை இல்லை. நெல்லுக்கான இயந்திரத்தில் சாமையைப் போட்டால் பொடி மணிகள் நொறுங்கும், அல்லது உமியோடே வெளியே வரும். சிறிய மணிக்கு ஏற்ற இயந்திரம் தனியாக வேண்டும். அதை உருவாக்குவதில் யாருக்கும் லாபம் தெரியவில்லை.

இதற்கிடையில் மலையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, மரவள்ளி. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 1940கள் முதல் வளர்ந்த ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டியிருந்தது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்து அந்தத் தொழிலுக்கு நிலையான சந்தையையும் கொடுத்தது. கொல்லிமலையின் சாமை நிலங்கள் பலவற்றில் மரவள்ளி ஏறியது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. காயவைப்பதும் உரிப்பதும் கீழே, ஆலைக்காரர் பாடு. இரண்டாவது, நியாயவிலைக் கடை அரிசி. தமிழ்நாட்டில் 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் இலவசமாகவும் கிடைத்த அந்த அரிசி, உமி நீங்கி, நேராக அடுப்பில் ஏற்றும் நிலையில் வந்தது.

மலை மக்கள் பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள், இளம்பெண்களுக்குச் சாமை பிடிக்கவில்லை, சோம்பல் வந்துவிட்டது என்றெல்லாம் எழுதுகிறார்கள். நகரத்தில் உட்கார்ந்து சிறுதானியப் பெருமை பேசும் மேடைகளில் இந்தக் குரல் அடிக்கடி ஒலிக்கிறது. கொல்லிமலையில் ஆய்வு செய்தவர்களோ சாமை குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக உமி நீக்கும் வேலையின் கடுமையைத் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நாள் முழுதும் காட்டில் வேலை செய்துவிட்டு வந்து, மறுநாள் சோற்றுக்கு உலக்கையைத் தூக்க வேண்டும். பக்கத்திலேயே உமி நீக்கிய அரிசி இருக்கிறது. எந்தப் பெண் உலக்கையைத் தேர்ந்தெடுப்பாள்?

இதை மறதி என்று சொல்வதைவிட ஒரு முடிவு என்று சொல்வதே சரி. கூட்டம் போடவில்லை, கோஷம் எழுப்பவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தாள், அவ்வளவுதான். ஒரு மலையின் பயிர் வரைபடம் மாறியதில் அந்த முடிவுக்குப் பங்கு உண்டு. வேளாண்மை வரலாறு சந்தை, விலை, மழை, அரசுக் கொள்கை ஆகியவற்றைக் காரணங்களாக எழுதும். பெண்ணின் தோள்வலியும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

இழப்பும் உண்மைதான். வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பெயர்பெயராக இருந்த நாட்டு ரகங்களை விதைத்து, விதையைத் தேர்ந்து, சாம்பலும் வேப்பிலையும் இட்டுக் காத்தவர்களும் பெண்களே. விதை நிலைத்திருக்க வேண்டுமென்றால் அது ஆண்டுதோறும் விதைக்கப்பட வேண்டும். விதைக்க வேண்டுமென்றால் உண்ணப்பட வேண்டும். உண்ண வேண்டுமென்றால் உமி நீங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி ஒரு பெண்ணின் கையில் இருந்தது என்பதைப் பாதுகாப்புத் திட்டங்கள் புரிந்துகொள்ளச் சிறிது காலம் ஆனது.

இயந்திரம் மலையேறியது

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கியது. 2001இல் தொடங்கிய ஒரு பன்னாட்டுத் திட்டம், உலகம் கைவிட்ட பயிர்களை மீட்பதை நோக்கமாகக் கொண்டது, ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. அந்தத் திட்டத்தின் கீழ் கொல்லிமலையில் விதை, விளைச்சல், விற்பனை ஆகியவற்றோடு உமி நீக்குவதும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சிறிய அரவை இயந்திரங்கள் மலை ஊர்களுக்கு வந்தன. சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசி, தினை மாவு, ரவை என்று பொட்டலம் போட்டு விற்றன. 2011 முதல் 2014 வரை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்த திட்டத்திலும் கொல்லிமலை ஒரு களமாக இருந்தது.

புகையிலை வரலாற்றோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். குண்டூரில் சூட்டுக் கொட்டகை வந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் தகரக் கொட்டகை வண்டியேறி 40 ஆண்டுகளுக்குப் பிறகு, கொல்லிமலைச் சாமைக்கு ஒரு சிறு இயந்திரம். தொழில்நுட்பம் கடினமானது என்பதால் வந்த தாமதம் அல்ல இது. தானியத்தைச் சுழற்றிச் சுவரில் மோதவைத்து உமியைப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரத்தில் ஒரு விசிறியும் ஒரு மோட்டாரும்தான் முக்கியம். புகையிலைக் கொட்டகையின் தகரப் பெட்டியிலும் ஏறத்தாழ அவையேதான். ஒன்றுக்குக் காத்திருந்தவர்களிடம் பணம் இருந்தது. மற்றதற்குக் காத்திருந்தவர்களிடம் நேரம் இருக்கிறது என்று நினைத்தார்கள்.

இயந்திரம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு பெண் பிரச்சினை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இயந்திரம் அடிவாரத்திலோ நாமக்கல்லிலோ இருந்தால் மூட்டையைக் கொண்டுபோகப் பேருந்தோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். அதை ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். தானியத்தோடு பேரமும் பணமும் அவர் கைக்குப் போகும். உமி நீக்கிய அரிசி நெடுநாள் தாங்காது என்பதால் அடிக்கடி வேறு போக வேண்டும். இயந்திரம் சிறியதாக, வீட்டு மின்சாரத்தில் ஓடுவதாக, ஊருக்குள்ளேயே இருந்தால் ஒரு பெண் ஒரு கூடையைத் தலையில் வைத்துத் தானே போய் அரைத்து வரலாம். எடுத்துச் செல்லக்கூடிய கருவி என்பது பொறியியலாளருக்கு எடையும் அளவும். பெண்ணுக்கு அது யாரிடமும் கேட்காமல் போய்வரும் வசதி.

மிச்சமிருக்கும் வேலை

2023ஐ ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சாமைக்கும் தினைக்கும் நகரத்தில் மதிப்பு கூடியது. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று கேள்விகளை அந்தக் கொண்டாட்டம் தள்ளிவைத்துவிட்டது.

முதலாவது, உலர்த்தும் வேலை. இயந்திரம் வந்தது உமி நீக்க. இயந்திரத்தில் போடுவதற்கு முன் தானியத்தைப் பதமாகக் காயவைக்கும் வேலை இன்னும் களத்திலும் தார்ப்பாயிலும் பெண்ணின் கண்ணிலும்தான் இருக்கிறது. ஈரத் தானியம் வந்தால் இயந்திரம் சரியாக உரிக்காது. அப்போது குற்றம் காயவைத்தவள்மேல்தான் விழும். புகையிலைக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை டிகிரி என்று அட்டவணை எழுதி வைத்திருக்கிறார்கள். சாமையின் பதத்தை அறிந்த பெண்ணின் பல்லையும் காதையும் யாரும் அறிவாகப் பதிவு செய்யவில்லை. மூடுபனி நாளிலும் காயவைக்க உதவும் எளிய சூரிய உலர்த்திகள் மிளகுக்கும் காப்பிக்கும்கூடப் பயன்படும். அவற்றை வடிவமைக்கும்போது அந்தப் பெண்களை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, உரிமை. இயந்திரம் குழுவின் பெயரில் இருக்கலாம். அது நிற்கும் இடத்தின் பட்டா யார் பெயரில், பழுதானால் பணம் தருவது யார், கணக்குப் புத்தகம் யாரிடம்? வட கரோலினாவின் கறுப்பினப் பெண்கள் நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்: வேலையைத் தெரிந்தவர் ஒருவர், கருவியை வைத்திருப்பவர் வேறொருவர் என்றால், கருவி நுழையும் நாளில் வேலை தெரிந்தவர் வெளியே போவார். சிறுதானியத்தில் லாபம் கூடக்கூடப் பெரிய ஆலைகள் வரும். அப்போது உமியோடு கூடிய சாமையை மலையில் வாங்கிக் கீழே அரைப்பதே வழக்கமானால், மலைப்பெண்கள் மூலப்பொருள் விற்பவர்களாக மட்டுமே மிஞ்சுவார்கள்.

மூன்றாவது, நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். உலக்கை போன பிறகும் நிலைமை இது. உமி நீக்கும் இயந்திரம் ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால், அந்த ஒரு மணி நேரம் இன்னொரு வீட்டு வேலைக்குப் போய்விடுகிறதா, அவளுடைய ஓய்வுக்கும் படிப்புக்கும் கிராமசபைக்கும் போகிறதா என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லலாம். உங்கள் ஊரில் விளையும் ஒரு பயிரை எடுத்துக்கொள்ளுங்கள்: நிலக்கடலையோ மஞ்சளோ மிளகாயோ மீனோ. அறுவடைக்குப் பிறகு அதைக் காயவைத்தவர் யார், எதில் காயவைத்தார், பதம் எப்படிப் பார்த்தார் என்று வயதான பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். முதல் கருவி எந்த ஆண்டு வந்தது, யார் வாங்கினார், அதன்பின் அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடுநாடாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையில் இப்படிக் கேட்டால் எழுதித் தீராத அளவுக்குப் பதில் கிடைக்கும். உலக்கையைக் கடைசியாகக் கீழே வைத்த தலைமுறை இப்போதும் நம்மிடையே இருக்கிறது. எந்த வருஷம், எந்தச் சமையலுக்குப் பிறகு அதை வைத்தார்கள் என்று அவர்களே சொல்லக் கேட்டு எழுத இன்னும் அவகாசம் இருக்கிறது.